உரக்கச் சொன்னால் நினைவில் நிற்குமா?

ஆங்கிலப் பாடவேளையில் ஒரு சொல் மாணவர் மனத்தில் பதிய வேண்டுமென்றால் நம்மில் பெரும்பாலோர் குரலை உயர்த்துகிறோம். அதே சொல்லை இரண்டு முறை, மூன்று முறை, அசை அசையாகப் பிரித்துச் சொல்கிறோம். பிறகு வகுப்பையே சேர்ந்து சொல்ல வைக்கிறோம். பக்கத்து வகுப்பு ஆசிரியர் எட்டிப் பார்க்கும் அளவுக்குச் சத்தம் வருகிறது. மறுநாள் கேட்டால் பாதிப் பேர் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். 'இந்தப் பிள்ளைகளுக்கு ஞாபகசக்தியே இல்லை' என்ற பேச்சு ஆசிரியர் அறையில் வருவது அப்போதுதான்.

குரல் அழுத்தத்துக்கும் நினைவுக்கும் தொடர்பு இருப்பது உண்மை. அதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் எதை நினைவில் வைக்க அழுத்தம் உதவுகிறது, எதற்கு உதவுவதில்லை என்பதைப் பார்த்தால், நாம் தொண்டையைச் செலவழிக்கும் இடங்களில் பல வீண் என்று தெரியவரும்.

முதலில் ஒரு வேறுபாடு. ஆங்கிலத்தில் 'ஸ்ட்ரெஸ்' என்று நாம் சொல்வதில் இரண்டு உண்டு. ஒன்று சொல்லுக்குள் இருக்கும் அழுத்தம். 'போட்டோகிராஃப்' என்பதில் அது முதல் அசையில் விழும். 'ஃபொடாக்ரஃபர்' என்பதில் இரண்டாம் அசைக்கு நகரும். இதை அகராதி சொல்லிவிடும். மற்றொன்று வாக்கியத்துக்குள் பேசுபவர் தம் விருப்பப்படி வைக்கும் அழுத்தம். 'மீனா பாட் அ ப்ளூ அம்ப்ரெல்லா' என்ற வாக்கியத்தில் 'மீனா' என்பதை ஏற்றிச் சொன்னால் வாங்கியது வேறு யாருமில்லை என்று பொருள். 'ப்ளூ' என்பதை ஏற்றினால் வேறு நிறமில்லை. 'அம்ப்ரெல்லா' என்பதை ஏற்றினால் வாங்கியது பையோ தொப்பியோ இல்லை. எழுத்து மாறவில்லை, சொல்வரிசை மாறவில்லை. குரல் மட்டும் மாறுகிறது. இந்தக் கட்டுரை பேசுவது இந்த இரண்டாவது அழுத்தத்தைப் பற்றி.

குரங்கைக் கண்டது யார்?

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஸ்காட் ஃப்ரவுண்டார்ஃப், டுவேன் வாட்சன், ஆரன் பெஞ்சமின் ஆகிய மூவர் 2010-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள. ஆங்கிலம் பேசுவோருக்குச் சின்னச் சின்னக் கதைகளைப் பதிவுசெய்து கேட்க வைத்தார்கள். ஒரு கதையின் சாரம் இது: அழிந்துவரும் ஒரு குரங்கினத்தைத் தேடி பிரிட்டிஷ் விஞ்ஞானிகளும் பிரெஞ்சு விஞ்ஞானிகளும் மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் அலைகிறார்கள். கடைசியில் பிரிட்டிஷார் மலேசியாவில் ஒரு குரங்கைக் கண்டுவிடுகிறார்கள்.

கதை எல்லோருக்கும் ஒன்றே. மாறியது கடைசி வாக்கியத்தின் குரல் மட்டும். சில பதிவுகளில் 'பிரிட்டிஷ்' என்ற சொல் ஆங்கில வாக்கியத்தில் வழக்கமாக வரும் சாதாரண ஏற்றத்தோடு இருந்தது. வேறு சில பதிவுகளில் குரல் முதலில் தாழ்ந்து, அங்கிருந்து சட்டென்று மேலே ஏறியது. ஆங்கிலத்தில் 'அது இல்லை, இது' என்று எதிர்நிறுத்திச் சொல்லும்போது வரும் ஏற்றம் அது. கவனியுங்கள், இது சத்தத்தைக் கூட்டுவதில்லை. தாழ்விலிருந்து மேட்டுக்குப் போகும் குரலின் வளைவு.

பிறகு நினைவுச் சோதனை நடந்தது. குரங்கைக் கண்டது பிரிட்டிஷார் என்று ஒரு கூற்றைக் கொடுத்துச் சரியா தவறா என்று கேட்டார்கள். பிரெஞ்சுக்காரர் என்று கொடுத்தும் கேட்டார்கள். கதையிலேயே வராத போர்ச்சுகீசியர் என்று கொடுத்தும் கேட்டார்கள்.

வளைந்து ஏறும் குரலில் கேட்டவர்கள் சரியான கூற்றைச் சரி என்று சொல்வதில் முந்தினார்கள். பிரெஞ்சுக்காரர் என்ற கூற்றைத் தவறு என்று தள்ளுவதிலும் முந்தினார்கள். ஆனால் போர்ச்சுகீசியர் என்ற கூற்றைத் தள்ளுவதில் அந்தக் குரலால் எந்த ஆதாயமும் கிடைக்கவில்லை.

இந்தக் கடைசி முடிவில் சற்று நிற்க வேண்டும். அழுத்தம் என்பது ஒரு சொல்லை மனத்தில் ஆழமாக இறக்கும் வேலை மட்டும் என்றால், 'பிரிட்டிஷ்' நன்றாகப் பதிந்தவருக்கு 'பிரெஞ்சு', 'போர்ச்சுகீசியர்' இரண்டையும் தள்ளுவது ஒன்றுபோல எளிதாகியிருக்க வேண்டும். அப்படி நடக்கவில்லை. கேட்டவர் மனத்தில் பதிந்தது 'பிரிட்டிஷ்' என்ற தனிச்சொல் இல்லை. 'பிரிட்டிஷ், பிரெஞ்சு இல்லை' என்ற இணை. ஏற்கெனவே கதையில் ஒரு போட்டிச்சொல் இருந்ததால்தான் குரலின் ஏற்றத்துக்கு வேலை கிடைத்தது. இன்னொரு செய்தியும் நமக்கு ஆறுதலானது. இப்படி ஒரு சொல்லை ஏற்றிச் சொன்னதால் கதையின் மற்றப் பகுதிகள் மறந்துபோகவில்லை.

தொல்காப்பியர் சொன்ன பிரிநிலை

இதைப் படித்தபோது எனக்குத் தமிழ் இலக்கண வகுப்புதான் நினைவுக்கு வந்தது. ஏகார இடைச்சொல்லுக்குத் தேற்றம், வினா, பிரிநிலை, எண், ஈற்றசை எனத் தொல்காப்பியம் ஐந்து பொருள் சொல்கிறது. அவற்றில் பிரிநிலை என்பது ஒரு கூட்டத்திலிருந்து ஒன்றைப் பிரித்துக் காட்டுவது. 'அவருள் இவனே கள்வன்' என்று உதாரணம் படித்திருப்போம். 'இவனே' என்று சொல்லும்போதே 'மற்றவர் இல்லை' என்பது வந்துவிடுகிறது. இன்றைய பேச்சில் இந்த வேலையைப் பெரும்பாலும் 'தான்' செய்கிறது. 'ராணிதான் சாவியை எடுத்தாள்', 'ராணி சாவியைத்தான் எடுத்தாள்' என்ற இரண்டையும் முதல் வகுப்புக் குழந்தையும் குழப்பிக்கொள்ளாது.

ஆங்கிலத்தில் இப்படி ஒட்டிக்கொள்ளும் சின்ன இடைச்சொல் கிடையாது. 'ஒன்லி' முதலிய சொற்களும், 'இட் வாஸ் ராணி ஹூ' என்று தொடங்கும் சுற்றுவழியும் உண்டு என்றாலும், அன்றாடப் பேச்சில் இந்தச் சுமையைத் தூக்குவது குரல்தான். நாம் எழுத்தில் வைப்பதை அவர்கள் தொண்டையில் வைத்திருக்கிறார்கள்.

இதனால் நம் மாணவருக்கு ஒரு வசதியும் ஒரு தடையும் ஒருசேர வருகின்றன. பிரித்துக் காட்டுதல் என்ற கருத்து அவர்களுக்குப் பிறந்ததிலிருந்தே பழக்கம் என்பது வசதி. அந்தக் கருத்து குரலின் ஏற்றத்தில் ஒளிந்திருக்கும் என்று அவர்கள் காது எதிர்பார்க்காது என்பது தடை. தமிழில் அசையழுத்தத்தை மட்டும் மாற்றி ஒரு சொல்லை வேறு சொல்லாக்க முடியாது. 'பல்' 'பால்' ஆவது குறில் நெடிலாவதால். ஆங்கிலத்தில் 'ரெக்கார்டு' என்பது அழுத்தம் முன்னே இருந்தால் பெயர்ச்சொல், பின்னே இருந்தால் வினைச்சொல்.

தாய்மொழியில் அழுத்தத்துக்கு இப்படிப்பட்ட வேலை இல்லாதவர்களுக்கு அதை நினைவில் வைப்பது கடினம் என்பதைப் பிரான்ஸில் பார்த்திருக்கிறார்கள். இமானுவேல் டூப்பூவும் உடன் பணியாற்றியவர்களும் 1997 முதல் நடத்திய சோதனைகளில், அழுத்தத்தில் மட்டுமே வேறுபடும் பொருளற்ற சொற்களைப் பிரெஞ்சு மொழியினருக்கும் ஸ்பானிய மொழியினருக்கும் ஒலிக்கச் செய்தார்கள். ஸ்பானிய மொழியில் அழுத்தம் பொருளை மாற்றும், பிரெஞ்சில் மாற்றாது. பிரெஞ்சு மொழியினரே அதிகம் தடுமாறினார்கள். காது கேட்கவில்லை என்பதில்லை. நினைவில் எடுத்துவைக்கும்போது அழுத்தத்தை அவர்கள் மனம் விட்டுவிடுகிறது. தமிழ்க் குழந்தைகளுக்கும் இதே தடுமாற்றம் இருக்கும் என்று நாம் எதிர்பார்த்துத் திட்டமிடுவதே நல்லது. குரங்குக் கதையைக் கேட்டவர்கள் ஆங்கிலத்திலேயே வளர்ந்தவர்கள் என்பதையும் மறந்துவிடக்கூடாது. அந்த ஆதாயம் நம் வகுப்பில் தானாக வந்துவிடாது. குரலின் ஏற்றத்துக்கு ஒரு பொருள் உண்டு என்பதை முதலில் கற்பிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் ஏற்றினால்?

ஜெர்மனியில் ஹெட்விக் ஃபான் ரெஸ்டார்ஃப் என்ற உளவியலாளர் 1933-இலேயே ஒன்றைக் காட்டினார். பொருளற்ற அசைகள் வரிசையாக வரும் பட்டியலில் நடுவே ஒரு எண் மட்டும் வந்தால் அந்த எண் நன்றாக நினைவில் நிற்கிறது. அந்த எண்ணுக்கு என்று தனிச் சிறப்பு ஏதுமில்லை. சுற்றியிருப்பவை வேறாக இருப்பதால் வந்த சிறப்பு. கல்யாண வீட்டில் எல்லோரும் பட்டு உடுத்தியிருந்தால் யாருடைய பட்டும் கண்ணில் படாது.

கனடாவின் காலின் மெக்லியாட் குழுவினர் 2010-இல் 'உற்பத்தி விளைவு' என்று பெயரிட்டு எழுதியதும் இதற்கு உறவானது. ஒரு பட்டியலில் சில சொற்களை வாய்விட்டும் மற்றவற்றை மனத்துக்குள்ளும் படித்தால், வாய்விட்டுப் படித்தவை நன்றாக நினைவில் நிற்கின்றன. ஆனால் ஒரு குழு முழுப் பட்டியலையும் வாய்விட்டுப் படித்து, இன்னொரு குழு முழுப் பட்டியலையும் மௌனமாகப் படித்தால் அந்த வேறுபாடு பெருமளவு கரைந்துவிடுகிறது. இருபது சொல்லையும் வகுப்பே சேர்ந்து கத்திச் சொல்லும் நம் வழக்கத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உச்சரிப்புக்கும் கூச்சம் போக்கவும் சேர்ந்து சொல்லுதல் நல்லதுதான், அதை நான் விடச் சொல்லவில்லை. நினைவுக்கு என்றால், அன்றைய பாடத்தின் ஐந்து சொற்களை மட்டும் வாய்விட்டுச் சொல்லவைத்து மற்றவற்றைக் கண்ணால் படிக்கவிடுவது மேல்.

அழுத்தம் இடம் மாறி விழுந்தால் உதவாமல் போவதோடு தொல்லையும் தரலாம். டச்சு மொழியினரிடம் டெர்க்கனும் நோட்டபூமும் செய்து 1987-இல் வெளியிட்ட ஆய்வில், புதிதாக வரும் செய்தியில் அழுத்தம் விழுந்தபோது கேட்பவர் விரைவாகப் புரிந்துகொண்டார்கள். ஏற்கெனவே சொல்லிவிட்ட செய்தியில் அழுத்தம் விழுந்தபோது தாமதமானார்கள். பழையதை அழுத்தினால் 'இது ஏதோ புதிது போலிருக்கிறதே' என்று மனம் தேடப் போய்விடுகிறது.

அழுத்தம் வரும் முன்பே கேட்பவர் தயாராகிறார் என்பதற்கும் சான்று உண்டு. ஆன் கட்லர் 1976-இல் ஒரே ஒலிப்பதிவிலிருந்த ஒரு சொல்லை எடுத்து, இரண்டு வித ராகத்தில் சொல்லப்பட்ட வாக்கியங்களில் ஒட்டினார். ஒன்றில் முன்வரும் ராகம் 'அடுத்து அழுத்தம் வரப்போகிறது' என்று காட்டியது, மற்றதில் காட்டவில்லை. ஒட்டிய சொல் இரண்டிலும் ஒன்றே என்றாலும், ராகம் முன்னறிவித்த இடத்தில் அந்தச் சொல்லின் முதல் ஒலியைக் கேட்டவர்கள் விரைவாகப் பிடித்தார்கள். வாக்கியத்தின் நடையே காதைத் திருப்பிவிடுகிறது. சொல்லைத் தனியே பிய்த்து உரக்கச் சொல்லும்போது நாம் இழப்பது இந்த நடையைத்தான்.

வகுப்பில்

கேட்டல் பயிற்சியில் தவறான விடைகள் எல்லாம் ஒன்றில்லை என்பதிலிருந்து நான் தொடங்குவேன். எட்டாம் வகுப்பில் நான் வைத்துக்கொள்ளும் ஒரு குட்டிக் கதை: 'மாலா அண்ட் ராணி லுக்ட் ஃபார் த ஹென் இன் த ஃபீல்டு அண்ட் நியர் த டேங்க். ராணி ஃபவுண்ட் இட் நியர் த டேங்க்.' இரண்டு பெயர், இரண்டு இடம், கடைசியில் ஒவ்வொன்றிலும் ஒன்று. கதையைச் சொல்லிவிட்டு உடனே கேட்காமல், வேறு வேலை கொடுத்துப் பாடவேளையின் கடைசி ஐந்து நிமிடத்தில் கேட்பேன். கோழியைக் கண்டது யார்?

'மாலா' என்று எழுதும் பிள்ளைக்கு மறதி என்று சொல்ல முடியாது. கதையில் வந்த பெயரைத்தான் அது எழுதியிருக்கிறது. இரண்டில் எது என்ற கணக்கு மட்டும் தீரவில்லை. குரலின் ஏற்றம் உதவக்கூடியது இந்தப் பிள்ளைக்கு. 'கீதா' என்று கதையில் இல்லாத பெயரை எழுதும் பிள்ளைக்கு என்ன ஏற்றிச் சொன்னாலும் பயனில்லை. அதற்குக் கதையே போய்ச் சேரவில்லை. சொற்பொருளிலிருந்து தொடங்க வேண்டும். இருவரையும் 'ஞாபகம் இல்லாதவர்கள்' என்று ஒரே வரிசையில் உட்கார வைத்தால் இருவருக்கும் அநியாயம். முதல் தலைமுறையாகப் பள்ளிக்கு வரும் குழந்தை ஆங்கிலத்தைக் கேட்பது பெரும்பாலும் நம் ஒரே குரலில்தான். அந்தக் குரல் 'மாலா இல்லை, ராணி' என்று சொல்லாவிட்டால் அதற்குச் சொல்ல வேறு ஆள் இல்லை.

ஏற்றத்தின் பொருளைக் கற்பிக்க 'தான்' போதும். 'ராணிதான் நேற்று வந்தாள்', 'ராணி நேற்றுத்தான் வந்தாள்' என்று தமிழில் இரண்டைக் கரும்பலகையில் எழுதி, 'ராணி கேம் எஸ்டர்டே' என்பதை இரண்டு விதமாகச் சொல்லி, எது எதற்குப் பொருந்தும் என்று கை தூக்கச் சொல்லலாம். இரண்டு மூன்று நாளில் பிடித்துக்கொள்கிறார்கள். அதன்பிறகு மாணவர்களே ஏற்றிச் சொல்ல, மற்றவர் 'தான்' எங்கே வரும் என்று சொல்வது நல்ல விளையாட்டு. ஆங்கிலமே பேசத் தயங்கும் பையனும் இதில் கை தூக்குவான், ஏனென்றால் அவன் சொல்ல வேண்டிய விடை தமிழில் இருக்கிறது.

சொற்களைக் கற்பிக்கும்போது இதைப் பயன்படுத்த முடியுமா? ஒரு எச்சரிக்கையோடு முடியும் என்பேன். மேலே சொன்ன குரங்குச் சோதனை, கதையில் நடந்தது என்ன என்ற நினைவைச் சோதித்தது. புதுச்சொல்லின் பொருள் மாதக்கணக்கில் நிற்குமா என்பது வேறு கேள்வி; அதற்குத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதற்கு மாற்று இல்லை. ஆனால் நம் மாணவர் சிக்கிக்கொள்ளும் சொற்களில் பல, இணையாகவே குழப்புபவை: 'பாரோ', 'லெண்ட்', 'ப்ரிங்', 'டேக்', 'டீச்', 'லேர்ன்'. இவற்றைத் தனித்தனியே பொருள் எழுதிப் போடுவதைவிட, 'ராஜு டிட் நாட் லெண்ட் த பென். ஹீ பாரோட் இட்' என்று எதிர்நிறுத்தி, இரண்டு வினையையும் ஏற்றிச் சொன்னால் அழுத்தத்துக்கு உரிய வேலை கிடைக்கிறது. போட்டிச்சொல் பக்கத்திலேயே நிற்கிறது. 'எலிஃபன்ட்' என்ற சொல்லை எத்தனை அழுத்திச் சொன்னாலும் அப்படி ஒரு வேலை இல்லை. யானைக்குப் போட்டியாக யாரும் வரவில்லையே.

எண்களில் இன்னொரு சங்கதி இருக்கிறது. 'ஃபிஃப்டி' என்பதில் அழுத்தம் முன்னால். 'ஃபிஃப்டீன்' என்பதைத் தனியே சொன்னால் பின்னால். ஆனால் 'தேர்ட்டீன், ஃபோர்ட்டீன், ஃபிஃப்டீன்' என்று வரிசையாக எண்ணும்போது எல்லாவற்றிலும் 'டீன்' பொதுவாக இருப்பதால், வேறுபடும் முன்பகுதிக்கு அழுத்தம் ஓடிவிடுகிறது. எண்ணிப் பழகிய அந்த ஓசையோடு கடைக்குப் போனால் பதினைந்தும் ஐம்பதும் காதில் கலந்துவிடும். 'நாட் ஃபிஃப்டி, ஃபிஃப்டீன்' என்று பின்பகுதியை ஏற்றி ஒரு முறை சொல்லிக் காட்டுவது, பத்து முறை எண்ணவைப்பதைவிட இங்கே பயன் தரும்.

'கேன்', 'கான்ட்' இன்னும் சிக்கலானவை. இயல்பான ஆங்கிலப் பேச்சில் 'ஐ கேன் கம்' என்பதில் 'கேன்' தேய்ந்து 'கன்' ஆகிவிடும். ஏற்றம் 'கம்' மீது விழும். 'ஐ கான்ட் கம்' என்பதில் 'கான்ட்' தேயாது. அதன் கடைசி 'ட்' பெரும்பாலும் காதில் விழாது என்பதால், கேட்பவர் நம்பியிருப்பது அது தேயாமல் நிற்பதைத்தான். தெளிவாகச் சொல்கிறோம் என்று எண்ணி 'கேன்' என்பதை நாம் அழுத்தினால், கேட்பவர் அதை 'முடியாது' என்று எடுத்துக்கொள்ளக்கூடும். பாடநூலின் கியூஆர் குறியீட்டில் வரும் ஒலிப்பதிவுகளைப் போட்டு 'கேன்' எங்கே மறைகிறது என்று தேடச் சொன்னால் மாணவர்கள் துப்பறிவாளர்களாகிவிடுகிறார்கள்.

குரல் சரியில்லாத நாள்களுக்கு ஒரு செய்தி. ஃப்ரவுண்டார்ஃப் குழுவினரே 2013-இல் அதே மாதிரிக் கதைகளை ஒலியாக இல்லாமல் எழுத்தாகக் கொடுத்து, முக்கியச் சொல்லை வேறு எழுத்துருவில் அழுத்திக் காட்டிச் சோதித்தார்கள். முடிவு அதேதான். கதையில் வந்த போட்டிச்சொல்லைத் தள்ள அது உதவியது. கதையில் வராத சொல்லைத் தள்ள உதவவில்லை. ஆகவே வண்ணச் சுண்ணக்கட்டியும் அடிக்கோடும் குரலின் வேலையைச் செய்யும், ஆனால் குரலுக்குள்ள அதே நிபந்தனையோடு. 'லெண்ட்' என்பதற்கு மஞ்சள் போடுகிறீர்கள் என்றால் 'பாரோ' அதே பலகையில், பக்கத்திலேயே, வெள்ளையில் இருக்கட்டும்.